ஒப்படைத்த வீடு

மனிதர் வாழாத வீடு விரைவில் பழுதடையும். குளியலறையின் கழிவுநீர்க் குழாயில் ஒரு வளைவு உண்டு. அவ்வளைவில் தேங்கி நிற்கும் சிறிதளவு நீரே, சாக்கடையின் தீநாற்றமும் கரப்பான்பூச்சிகளும் வீட்டினுள் வாராமல் தடுக்கிறது. சில வாரங்கள் எவரும் நீர் ஊற்றாவிடில் அந்நீர் வற்றிவிடும். கடற்கரை நகராகிய மும்பையில், காற்றின் ஈரம் மூடிய அலமாரிகளில் பூஞ்சணத்தை வளர்க்கும். பால்கனியில் புறாக்கள் கூடு கட்டும். ஆகவே, நெடுநாள் வெளியூர் செல்வோர், தம் வீட்டில் தங்கி அதனைக் காக்குமாறு நம்பிக்கைக்குரிய ஒருவரை வேண்டுகின்றனர்.

இவ்வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வணிகம் செய்து, தம் ஊர்களில் பெரிய வீடுகளைக் கட்டினர். அவற்றுள் பல இன்று ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. திருமணம் முதலிய நிகழ்ச்சிகளின்போதே குடும்பத்தார் அங்குக் கூடுவர். ஏனைய நாள்களில் அவ்வீடுகளைத் திறந்து பெருக்கிக் காப்போர் வேறொருவராக இருப்பர்.

மும்பையில் வீடு காப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. 1896ஆம் ஆண்டு இந்நகரில் பிளேக் எனும் கொள்ளைநோய் பரவியது. நெரிசலைக் குறைத்து நகரைச் சீரமைக்க 1898ஆம் ஆண்டு நகர மேம்பாட்டு அறக்கட்டளை நிறுவப்பட்டது. அது வகுத்த திட்டத்தின்படி தாதர், மாட்டுங்கா ஆகிய பகுதிகளில் அகன்ற தெருக்களும் பூங்காக்களும் உருவாயின. மாட்டுங்காவில் தென்னிந்தியர் பலர் குடியேறினர். இருப்புப்பாதைக்கு மேற்கே உள்ள தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்ட தமிழர் பலர் தங்கினர். ஒருபுறம் கூடமும் அறைகளும் கொண்ட வீடுகள். மறுபுறம் ஒற்றை அறையில் வாழும் குடும்பங்கள். இடமே பெருஞ்செல்வமாகிய இந்நகரில், ஒருவர் தம் வீட்டுச் சாவியைப் பிறரிடம் கொடுப்பது எளிய செயலன்று.

இனி, தாராவியில் வாழும் மாணவி ஒருத்தி கூறுவதைப் படிப்போம்.

“என் அத்தை செம்பூரில் வசிப்பவர். மாட்டுங்காவில் வாழும் குடும்பத்தார் ஒருவர் மார்கழியில் பாலக்காட்டுக்குச் சென்றபோது, வீட்டை அத்தையின் பொறுப்பில் விட்டுச் சென்றனர். குளிர்கால விடுமுறையில் ஐந்து நாள் நான் அத்தையுடன் அங்குத் தங்கினேன். என் வருகைக்கு அவர் முன்னரே இசைவு பெற்றிருந்தார்.

மும்பையின் குளிர் மென்மையானது. 1962ஆம் ஆண்டு சனவரி 22 அன்று பதிவான 7.4 பாகை செல்சியசே இந்நகரின் மிகக் குறைந்த வெப்பநிலையாகக் கூறப்படுகிறது. அத்தகைய குளிர் இல்லாவிடினும், விடியற்காலையில் போர்வையை விட்டு எழ எனக்கு மனம் வராது. அத்தையோ இருள் பிரியுமுன் எழுந்து வாசலில் கோலமிடுவார். மாநகராட்சிக் குடிநீர் வரும் நேரத்தில் பாத்திரங்களை நிரப்புவார். பிறகு சன்னல்களைத் திறப்பார். குளியலறைகளில் ஒரு குவளை நீர் ஊற்றுவார். பூந்தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டித் துடைப்பது என் வேலை. டெங்குக் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ எட்டு முதல் பத்து நாள் போதும் என்று அத்தை விளக்கினார்.

கூடத்தில் ஊஞ்சல் ஒன்று இருந்தது. அதில் ஆடலாம் என்றார். மூலையில் உறையிட்டு வைத்திருந்த வீணையைத் தொடலாகாது என்றார். ‘ஊஞ்சலைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வீணையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை’ என்பதே அவர் கூறிய காரணம்.

மூன்றாம் நாள் மாலை அப்பா வந்தார். ஊரிலிருந்து உறவினர் எண்மர் ஷீரடிக்குச் செல்லும் வழியில் மும்பையில் இரண்டு இரவு தங்க வேண்டியிருந்தது.

‘அக்கா, நம் வீட்டில் படுக்க இடமில்லை. இங்கே மூன்று அறைகள் காலியாக உள்ளன. இரண்டு இரவுதானே!’ என்றார்.

‘இது என் வீடன்று, தம்பி.’

‘தொலைபேசியில் ஒரு சொல் கேட்டுப் பாருங்களேன்.’

அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘நான் கேட்டால் அவர்களுக்கு மறுக்க வாய் வராது. மனமில்லாமல் தலையசைப்பார்கள். அப்படி ஒரு சங்கடத்தை அவர்களுக்குக் கொடுக்க மாட்டேன்’ என்றார்.

அப்பாவின் முகம் வாடியது. அத்தை உள்ளே சென்று தம் கைப்பையிலிருந்து வேறொரு சாவியை எடுத்து வந்தார். ‘இது செம்பூர் வீட்டுச் சாவி. ஒற்றை அறைதான். பாதிப்பேர் அங்கே, பாதிப்பேர் உன் வீட்டில். அரிசி, பருப்பு எல்லாம் இருக்கின்றன. கேளாமலே எடுத்துக்கொள்’ என்றார்.

அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் தேநீர் குடியாமலே சென்றுவிட்டார். அன்றிரவு அத்தை சரியாக உண்ணவில்லை.

ஐந்தாம் நாள் என்னை அழைத்துச் செல்ல அப்பா வந்தார். செம்பூர்ச் சாவியை அத்தையிடம் நீட்டி, ‘அறையைக் கழுவித் துடைத்துவிட்டோம். குடத்தில் நீர் நிறைத்திருக்கிறேன். துளசிக்கும் ஊற்றினேன்’ என்றார். அத்தை சிரித்தபடி தேநீர் வைக்கச் சென்றார்.”

பிறர் பொருளைக் காப்பவர் அதற்கு உரியவர் ஆகார். ஆனால் உரியவர் இல்லாத வேளையில், அவர் விருப்பத்தை மதித்து நடக்கும் கடமை அவருக்கு உண்டு. அக்கடமை அயலாரிடம் எளிது. அன்புடைய சுற்றத்தார் கேட்கும்போதே கடினமாகிறது. மேற்கண்ட நிகழ்ச்சியில் அத்தை எதனை மறுத்தார், எதனைக் கேளாமலே ஈந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

பழுது – கேடு
பூஞ்சணம் – ஈரத்தில் தோன்றும் பூசணம்
இசைவு – ஒப்புதல்
இருப்புப்பாதை – தண்டவாளம்
எண்மர் – எட்டுப் பேர்
சுற்றத்தார் – உறவினர்

வினாக்கள்

1. கழிவுநீர்க் குழாயின் வளைவில் நீர் தேங்கி நிற்பதன் பயன் யாது?
2. பூந்தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் நீரை ஏன் அகற்ற வேண்டும்?
3. வீட்டாரிடம் தொலைபேசியில் கேட்பதற்கு அத்தை ஏன் இசையவில்லை?
4. அத்தை செய்தது சரி என நீ கருதுகிறாயா? காரணம் கூறுக.

மொழிப்பயிற்சி

பிரித்து எழுதுக: இவ்வழக்கம், அந்நீர், அக்கடமை.

செயல்

உன் பக்கத்து வீட்டார் பத்து நாள் ஊருக்குச் செல்கின்றனர். அவர்கள் வீட்டைக் காக்கும் பொறுப்பு உன் குடும்பத்திடம் தரப்படுகிறது. அவர்கள் புறப்படுமுன் நீ கேட்டறிய வேண்டிய ஐந்து செய்திகளை எழுதுக.