மூலநிரலிலிருந்து லினக்ஸ்: மெய்நிகர் கணினியில் கட்டி நிஜக் கணினிக்கு மாற்றும் முறை

'லினக்ஸ் ஃப்ரம் ஸ்கிராட்ச்' வழியில் கம்பைலர் முதல் ஷெல் வரை அனைத்தையும் மூலநிரலிலிருந்தே கம்பைல் செய்ய வேண்டும். சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியான பாஸ் லினக்ஸுக்கோ டெபியனின் ஆயத்தப் பொதிகள் அடித்தளமாயின. அப்படிப்பட்ட அடித்தளம் ஏதுமில்லாமல் முதல்முறை கட்டுபவர், வேலையை மெய்நிகர் கணினியில் முடித்துவிட்டு நிஜக் கணினிக்கு மாற்றுவதே நல்லது.

நேரடியாகக் கட்டினால் கம்பைல் சற்று விரைவாக முடியும். ஆனால் கட்டும் இடத்தைக் குறிக்கும் எல்எஃப்எஸ் மாறி காலியாக இருக்கையில் ரூட் பயனராக நிறுவல் கட்டளை கொடுத்தால், புது ஜிலிப்ஸி ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் மீதே எழுதப்படும். பிறகு எந்தக் கட்டளையும் இயங்காமல் போகலாம். மெய்நிகர் கணினியிலோ, முந்தைய ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பினால் போதும்.

8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் மெய்நிகர் கணினிக்கு 4 ஜிபி ஒதுக்கலாம். அதில் கட்டும் வேலை நடக்கும் டெபியனுக்கு ஒரு வட்டும் புது அமைப்புக்கு 30 ஜிபியில் தனி வட்டும் இருந்தால் பின்னால் நகலெடுப்பது எளிது. தற்காலிகக் கருவிகளைக் கட்டி முடித்ததும் ஸ்நாப்ஷாட் எடுக்க வேண்டும். தாம்பரம், முடிச்சூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போகக்கூடும். அதனால் ஜிசிசி கம்பைல் பாதியில் நின்றால், அந்த மூலநிரல் அடைவை அழித்து, டார் கோப்பை மறுபடி விரித்துத் தொடங்குவதே பாதுகாப்பு. ஸ்நாப்ஷாட்டும் மெய்நிகர் கணினி உள்ள அதே வட்டில்தான் இருக்கும் என்பதால் வெளி வட்டில் ஒரு நகல் வேண்டும்.

மாற்றும்போது, லைவ் யுஎஸ்பியில் நிஜக் கணினியைத் துவக்கி, எல்எஸ்பிஎல்கே கட்டளையால் சரியான பார்ட்டிஷனை உறுதிசெய்து, கோப்பு உரிமைகள் மாறாதபடி ஆர்சிங்கால் நகலெடுக்க வேண்டும். அடுத்து சிஹெச்ரூட்டுக்குள் சென்று கர்னலை மறுபடி கட்ட வேண்டும். மெய்நிகர் கணினிக்கான விர்ட்டியோ டிரைவர்கள் இங்கே உதவா. எல்எஸ்பிசிஐ காட்டும் என்விஎம்இ அல்லது சாட்டா டிரைவரும், எக்ஸ்ட்4-உம் மாட்யூலாக இல்லாமல் கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத கர்னலுக்கு ரூட் பார்ட்டிஷனின் யுயுஐடி புரியாது, அதற்குப் பதில் கிரப்பில் பார்ட்யுயுஐடியைத் தருவது நல்லது. எஃப்எஸ்டேபிலும் வட்டின் பெயரைத் திருத்த வேண்டும். யுஇஎஃப்ஐ கணினியானால் கிரப்பை அதற்கேற்ப நிறுவ வேண்டும். கிரப் பட்டியலில் பழைய அமைப்பும் இருந்தால், புதுக் கர்னல் வட்டைக் காணாமல் நின்றாலும் அதன் வழியே நுழைந்து திருத்தலாம்.