பீங்கான் சாடியும் முந்திரிப் பருப்பும்

நுழையும்முன்

பயணம் செல்கையில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். கல்வெட்டைத் தடவிப் பார்க்கிறோம். இலையில் வந்த உணவை மட்டும் பசிக்கென உண்டு எழுந்துவிடுகிறோம். உணவுக்கும் வரலாறு உண்டு. அது ஏடுகளில் இருப்பதைவிடப் பாண்டங்களிலும் பெயர்களிலுமே மிகுதியாகத் தங்கியிருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து கிழக்கே செல்லும் ஒரு குறும்பயணம் அதனைக் காட்டும்.

சந்திப்பு

மணிமுத்தாற்றங்கரையில் உள்ள விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். ‘முதுகுன்றம்’ என்பதன் வடமொழியாக்கமே ‘விருத்தாசலம்’. இங்குள்ள பழமலைநாதர் கோயிலைப் பத்தாம் நூற்றாண்டில் கற்றளியாக்கியவர் செம்பியன் மாதேவியார். சென்னை–திருச்சி இருப்புப்பாதையில் அமைந்த இவ்வூர்ச் சந்திப்பிலிருந்து மேற்கே சேலத்துக்கும் கிழக்கே கடலூருக்கும் பாதைகள் பிரிகின்றன.

இவ்வூருக்குப் ‘பீங்கான் நகரம்’ என்றும் பெயர். பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசு நிறுவனம் இங்கு உள்ளது. அகல்விளக்குகள், கொலுப் பொம்மைகள், மின்கருவிகளுக்கான காப்புப் பொருள்கள் எனப் பலவும் இவ்வூர்ச் சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. உணவைத் தேடிச் செல்லும் பயணிக்கு இவற்றுள் என்ன இருக்கிறது? ஊறுகாய்ச் சாடியை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

மண்பானையில் ஊறுகாய் போட்டால் உப்புநீர் சுவர் வழியே கசியும். நாளடைவில் வெளிப்புறம் வெள்ளை பூக்கும். செம்பிலும் பித்தளையிலும் புளிப்பு பட்டால் களிம்பேறும். ஈயம் பூசினாலும் அப்பூச்சு தேயத் தேய மீண்டும் பூசவேண்டும். களிமண்ணும் கற்பொடியும் சேர்த்து வனைந்து, மேலே மெருகுக் குழம்பு பூசி, 1200 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுட்ட பாண்டத்துக்கோ இக்குறைகள் இல்லை. மெருகு உருகிக் கண்ணாடிபோல் படிவதால் உப்பும் புளிப்பும் அதனுள் புகா. ஓராண்டு ஊறுகாய் கெடாமல் இருப்பதில் உப்புக்கும் எண்ணெய்க்கும் எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு சாடிக்கும் உண்டு.

‘பீங்கான்’ தமிழ்ச் சொல் அன்று, பாரசீகத்திலிருந்து வந்தது. மலாய் மொழியில் ‘பிங்கான்’ என்றால் உண்கலம். ஒரே சொல் வங்கக் கடலின் இரு கரைகளிலும் வழங்குவதற்கு வணிகர்களே காரணம். பொருளும் அவர்களோடு வந்தது. விருத்தாசலத்துக்குத் தெற்கே, கங்கைகொண்ட சோழபுரத்தின் மாளிகைமேட்டில் நடந்த அகழாய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. சோழர் அரண்மனைக்குக் கடல்கடந்து வந்த அரும்பொருள், பிற்காலத்தில் எளியவர் வீட்டுப் பரணிலும் இடம்பிடித்தது.

சாடிக்குள் இருப்பது

அந்தச் சாடியில் இருக்கும் எலுமிச்சை ஊறுகாய் நம் பழமையான உணவு என்றே எண்ணுகிறோம். ஊறுகாய் பழமையானதுதான், அதன் சிவப்பு நிறம் அவ்வாறன்று. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் அடுப்பில் காரம் என்றால் மிளகே. புதிதாக வந்த காயை, மிளகைப் போல் உறைக்கும் காய் என்று கண்டு, ‘மிளகாய்’ என அழைத்தனர் நம் முன்னோர். அயலாரின் சொல்லைக் கடன் வாங்காமல் தம் நாவின் அனுபவத்திலிருந்தே பெயரிட்ட அவர்களின் கூர்மை வியப்புக்குரியது.

சடங்குணவு எளிதில் மாறுவதில்லை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லியில் இன்றும் மிளகும் சீரகமும் சுக்குமே சேர்கின்றன. நீத்தார் நாளில் மிளகாயை விலக்கி மிளகால் சமைக்கும் குடும்பங்கள் இன்னும் உள்ளன. ஆனால், மிளகாயைப் போலவே கடல்கடந்து வந்த முந்திரிப் பருப்பு, கோயில் சர்க்கரைப் பொங்கலில் நெய்யில் வறுபட்டு மிதக்கிறது. ஒன்றை வாசலில் நிறுத்திய மரபு, மற்றொன்றை மடைப்பள்ளிக்குள்ளேயே அழைத்துக்கொண்டது!

செம்மண் வழியே

கடலூர் தொடர்வண்டி நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகச் செல்கிறது. வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கு உண்பவரிடம் ஊரும் பேரும் கேட்பதில்லை.

இப்பகுதியின் செம்மண் மேடுகளில் முந்திரித் தோப்புகள் பரந்துள்ளன. விருத்தாசலத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் முந்திரியிலும் நிலக்கடலையிலும் புதிய இரகங்களை வெளியிட்டு வருகிறது. இரண்டுமே தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டவை. நிலக்கடலையை இவ்வட்டாரத்தார் ‘மல்லாட்டை’ என்பர். ‘மணிலாக்கொட்டை’ என்பதன் மரூஉ இது. பிலிப்பைன்சின் தலைநகரான மணிலா, உழவரின் பேச்சில் ஒரு பயிராக வாழ்கிறது. இத்தகைய சொற்களைத் திரட்டி ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யை உருவாக்கியவர், இம்மண்ணின் எழுத்தாளர் கண்மணி குணசேகரன்.

முந்திரியின் பெயரோ வேறு கதை சொல்கிறது. ‘முந்திரிகை’ என்பது பழந்தமிழில் திராட்சையைக் குறித்தது. மலையாளத்தில் இன்றும் முந்திரி திராட்சையே. 320இல் ஒரு பங்கைக் குறிக்கும் தமிழ்ப் பின்னத்துக்கும் முந்திரி என்றே பெயர். பிரேசில் நாட்டு மரமொன்று 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரோடு வந்து, ஏற்கெனவே புழங்கிய பெயர் ஒன்றில் குடியேறிவிட்டது.

பருப்பை உடைக்கும் கைகள்

முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள் தோலைப் புண்ணாக்கும் எண்ணெய் இருக்கிறது. கொட்டையை வறுத்தோ அவித்தோ உடைக்கவேண்டும். பண்ருட்டி வட்டாரச் சிற்றூர்களில் இவ்வேலையைச் செய்வோர் பெரும்பாலும் பெண்களே. சாம்பலையோ எண்ணெயையோ பூசிக்கொண்டாலும் விரல்கள் கறுத்துத் தோல் உரிகிறது. பருப்பு முழுதாக வந்தால் நல்ல விலை. உடைந்தால் விலை குறையும். பொங்கலில் கிடக்கும் முழுப் பருப்பு, காயம்பட்ட விரல்களின் நிதானத்தால் முழுமையாக வந்தது என்பதைச் சமையல் நூல்கள் எழுதுவதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. தலைமுறைகளாகக் காய்த்த முந்திரியும் பலாவும் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. தோப்புகளை மீண்டும் எழுப்ப உழவர் ஒட்டுக்கன்றுகளை நட்டனர். ஆலைகளுக்கோ உள்ளூர் விளைச்சல் போதுவதில்லை. முன்பு பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டுசேர்த்த அதே மரத்தின் கொட்டைகள், இன்று அங்கிருந்து மூட்டைகளாகத் தமிழகத் துறைமுகங்களில் இறங்குகின்றன. பண்ருட்டிப் பெண்களின் கைகளில் உடைபடுகின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள ஐந்து பொருள்களுக்கு உங்கள் வட்டாரத்தில் வழங்கும் பெயர்களை மூத்தோரிடம் கேட்டு எழுதுக. ‘பறங்கிக்காய்’ என்னும் பெயர் எவ்வாறு வந்திருக்கும் என வகுப்பில் கலந்துரையாடுக.