ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்



"காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் குலை தூக்குறேன். வீட்டுக்கு வந்து இரும்பு வேற தூக்கணுமா?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வேலைக்காட்டு உழைப்பு உடம்பு முழுவதற்கும் ஒரே மாதிரி போய்ச் சேருவதில்லை. பால்மரம் சீவுகிறவர் நாள்தோறும் ஒரே கையை, ஒரே பக்கத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார். செம்பனைக் குலை வெட்டுகிறவர் அண்ணாந்தபடியே நிற்கிறார். பிறகு குனிந்து தூக்குகிறார். சில தசைகள் களைத்துப் போகின்றன, சில சும்மாவே கிடக்கின்றன. வேலையை விட்டு ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கோ அந்த உழைப்பும் இல்லை. வயது ஏற ஏறத் தசை கரைகிறது. நாற்காலியிலிருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கிறது என்றால் அது தொடையில் பலம் குறைந்ததின் அடையாளம்.

இன்னொரு காரணமும் உண்டு. நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசைகள்தான். 2019-ஆம் ஆண்டு மலேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது மற்றவர்களைவிட அதிகம். வாரத்தில் குறைந்தது இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

சரி, எங்கே செய்வது? லயத்து வீட்டிலும் அடுக்குமாடி வீட்டிலும் நாற்காலி, மேசை, அலமாரி போக மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கும் இடம். ஆகவே சாமான் வாங்கப் போகுமுன் அந்தப் பாயை விரித்து, அதில் படுத்து, கைகளை இரு பக்கமும் நீட்டிப் பாருங்கள். எதிலும் இடிக்கவில்லை என்றால் அதுதான் உங்கள் பயிற்சிக்கூடம். அந்த இடத்துக்குள் பயன்படுத்தி, முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடக்கூடிய சாமானை மட்டும் வாங்குங்கள்.

கம்பியும் கப்பியும் வைத்த பெரிய இயந்திரத்தைத் தவணைக்குத் தருகிறார்கள் என்று ஆசைப்பட வேண்டாம். மாதம் 80 வெள்ளி என்றால் சின்னத் தொகையாகத்தான் தெரியும். 24 மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 1,920 வெள்ளி! அந்த இயந்திரம் பாதி அறையை அடைத்துக்கொள்ளும். வீடு மாறும்போது கதவு வழியாக வெளியே வராது. சில மாதம் கழித்து அதன்மேல் சட்டையும் துண்டும் காய்வதைப் பல வீட்டில் பார்க்கலாம்.

எதை முதலில் வாங்குவது? இங்கேதான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தள்ளுகிற பயிற்சிக்குச் சாமானே வேண்டாம். தரையில் தண்டால் எடுக்கலாம். முடியாதவர்கள் சுவரில் கையை ஊன்றித் தள்ளலாம். தொடைக்கு, உறுதியான நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும்பினால் போதும். ஆனால் தம் பக்கமாக இழுக்கிற பயிற்சியைத் தரையும் கொடுக்காது, சுவரும் கொடுக்காது. முதுகின் மேற்பகுதியும் தோள்பட்டைக்கு நடுவிலுள்ள தசைகளும் பலப்படுவது அந்த இழுப்பில்தான். ஆகவே முதலில் வாங்க வேண்டியது இழுப்பதற்கான சாமான், அதாவது ரப்பர் பட்டை. நாம் சீவிய பாலிலிருந்து வந்த பொருள் நம் முதுகுக்கே திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பட்டையை மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பட்டையை இரு பாதங்களிலும் மாட்டி, நிமிர்ந்தபடி முழங்கைகளைப் பின்னால் கொண்டுபோய் வயிற்றுப் பக்கம் இழுங்கள். கதவில் கட்டி இழுப்பதானால், கதவு உங்களுக்கு எதிர்ப்புறமாகத் திறப்பதாக இருக்க வேண்டும். அப்போதுதான் இழுக்க இழுக்கக் கதவு நிலையோடு இறுகும். மாறி நின்றால் கதவு திறந்து முகத்தில் அடிக்கும். பழைய பலகைக் கதவில் இந்த வேலையே வேண்டாம்.

ரப்பரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயிலும் எண்ணெயும் பட்டால் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்து, சின்னக் கீறல் இருந்தாலும் தூக்கி எறிந்துவிடுங்கள். அறுந்த பட்டை கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டை வாங்க வசதியில்லாதவர்கள் சைக்கிள் உள் டியூப்பை, காற்றடைக்கும் வால்வுப் பகுதியை வெட்டிவிட்டுப் பயன்படுத்தலாம். அதற்கும் இதே சோதனைதான்.

இரண்டாவதாக, கனம். 1.5 லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ. காய்ந்த மணல் என்றால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. பிள்ளைகளின் பழைய பள்ளிக்கூடப் பையில் 5 கிலோ அரிசிப் பையை வைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழும்பலாம். இதெல்லாம் சில மாதத்துக்குப் போதும். அதற்கு மேல் பலம் வளர வேண்டுமானால் கனமும் கூட வேண்டும். அப்போது தட்டுகளைக் கழற்றி மாட்டும் குட்டை இரும்புக் கம்பி ஒன்று வாங்குங்கள். 3, 5, 7, 10 கிலோ என்று தனித்தனி ஜோடி வாங்கினால் எட்டு உருப்படி தரையை அடைத்துக்கொள்ளும். ஒரே கம்பியும் சில தட்டுகளும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். தட்டின் ஓட்டை ஒரு அங்குலமும் உண்டு, இரண்டு அங்குலமும் உண்டு. பின்னால் தட்டு வாங்கப் போகிறவர் கம்பியையும் கையோடு கொண்டுபோவது நல்லது. பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்டு அடைத்த தட்டு மலிவுதான், ஆனால் தடிமன் அதிகம், கீழே போட்டால் உடையும். இரும்புத் தட்டு உங்கள் பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும். மூன்றாவது, இரு பக்கமும் முறுக்கும் திருகு மரை. கடையிலேயே முறுக்கிப் பாருங்கள். பயிற்சி நடுவிலும் அதை இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மடக்கு பெஞ்சு கட்டாயமில்லை. வாங்கினால், அது தாங்கும் எடை என்று எழுதியிருப்பதில் உங்கள் உடம்பும் சேர்த்தி என்பதை மறக்காதீர்கள். 80 கிலோ ஆள் 30 கிலோவைத் தூக்கினால், 100 கிலோ தாங்கும் பெஞ்சு அவருக்குக் காணாது. கதவு நிலையில் மாட்டித் தொங்கும் கம்பியும் எனக்குப் பிடிக்கவில்லை. வாடகை வீட்டில், நிர்வாகம் கொடுத்த வீட்டில் ஆணி அடித்துப் பேச்சு வாங்குவானேன்? கர்லாக்கட்டை நம் முன்னோர் சொத்து, ஆனால் தாழ்ந்த கூரைக்குக் கீழே சுற்றினால் மின்விசிறிதான் முதலில் போகும். அதை வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்து, சற்று இளைப்பாறி, மறுபடி ஒரு சுற்று. பன்னிரண்டு சுலபமாக வந்தால் கனத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். முதுகை வளைத்துத் தூக்காதீர்கள். மூச்சை அடக்காதீர்கள், தூக்கும்போது மூச்சை விடுங்கள், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யாமல், பக்கத்தில் ஏதாவது இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள். இருதய நோய் உள்ளவர்களும், நீரிழிவால் கண்ணில் கோளாறு வந்தவர்களும் சுகாதார மருந்தகத்தில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். பயிற்சியில் நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலி விடவில்லையென்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முடிந்ததும் தட்டுகளைக் கழற்றி டின்னில் போட்டு, கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளிவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டினால் உருட்டிக் காலில் போட்டுக்கொள்வார்கள்.