ஃபேஸ் ஷீல்டு செய்யப் போகிறீர்களா? முதலில் ஆஸ்பத்திரியில் கேளுங்கள்

2020 மார்ச்சில், கொரோனா வேகமாகப் பரவிய நாட்களில், செக் நாட்டின் பிராகா நகரிலிருந்து யோசெஃப் புரூஷாவின் நிறுவனம் த்ரீ-டி பிரின்டரில் அச்சிடக்கூடிய ஃபேஸ் ஷீல்டு வடிவமைப்பை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. ஸ்வீடனின் த்ரீ-டி வெர்க்ஸ்டான் நிறுவனம் கொடுத்த வடிவமைப்பு இன்னும் எளிது. தலைப்பட்டையை மட்டும் அச்சிட்டு, ஓஎச்பி ஷீட்டில் ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் துளை போட்டு மாட்டிவிடலாம். பிரின்டர் இல்லாத தன்னார்வலர்கள் ஃபோமையும் எலாஸ்டிக்கையும் வைத்தே செய்தார்கள். அந்த ஃபோம் வகையைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஷீட்டை வாங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடமோ ஸ்டோர் பொறுப்பாளரிடமோ பேசிவிடுங்கள். வேண்டுமா, எத்தனை, துடைத்து மறுபடி அணிவார்களா, லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். ஃபோம் ஈரத்தை உறிஞ்சும். அதைக் கிருமி நீக்குவது கடினம். அதனால் இது ஒருமுறை அணிந்து தூக்கிப்போட மட்டுமே. திரும்பத் திரும்ப அணிவார்கள் என்றால் அச்சிட்ட பட்டைதான் சரி. இரண்டு மாதிரி கொடுத்து, ஒரு ஷிஃப்ட் அணிந்து பார்க்கச் சொல்லுங்கள். கேட்காமல் கொண்டுபோய் இறக்கும் பெட்டிகளைப் பிரித்துத் தரம் பார்க்கும் வேலையும் அந்த நர்ஸ் தலையில்தான் விழும்.

என்95 மாஸ்க்கை வீட்டில் தைக்க முயல வேண்டாம். அதன் வடிகட்டும் அடுக்கு மின்னேற்றம் பெற்ற நுண்ணிழைகளால் ஆனது. தையல் மெஷினால் அது வராது.

ஷீட் தெளிவான பாலியெஸ்டராக இருக்கட்டும். இங்க்ஜெட் பிரின்டருக்கான ஓஎச்பி ஷீட்டில் ஒரு பக்கம் சொரசொரப்பான பூச்சு இருக்கும், பார்வை மங்கும். ஊசி போட நரம்பு தேடுபவருக்கு அது ஆகாது. அக்ரிலிக்கும் வேண்டாம், ஆல்கஹால் பட்டால் மெல்லிய விரிசல் விழும். காதுவரை சுற்றி, தாடைக்குக் கீழே இறங்க வேண்டும் என்பதால் ஏ4 அளவு சற்றுக் குட்டை. ரோலாக வாங்கி, 33 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் வெட்டுங்கள்.

காய்ச்சல், இருமல் உள்ளவரும், வீட்டில் யாருக்காவது அவை இருப்பவரும் ஷீல்டு செய்யும் வேலைக்கு வரக்கூடாது. இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். மற்றவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் அணிந்து, மேஜையை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு உட்காரட்டும்.

வெட்டிய ஷீட்டின் நான்கு மூலைகளையும் வளைவாக நறுக்குங்கள். குனியும்போது கூர்மூலை கழுத்தைக் கீறும். ஷீட்டின் மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தை அப்படியே விடுங்கள். உள்பக்கத்தில் ஃபோம் ஒட்டும் இடத்தில் மட்டும் உரிக்க வேண்டும். ஒரு அங்குல கனம், 25 செ.மீ. நீளமுள்ள ஃபோம் பட்டையை மேல் விளிம்போடு விளிம்பாக, இடைவெளி விடாமல், இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள்.

அடுத்தது எலாஸ்டிக். அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். எலாஸ்டிக் நீளத்தை 30 செ.மீ.யில் தொடங்கி, பெரிய தலை, சிறிய தலை இரண்டுக்கும் மாதிரியைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதன் இரு முனைகளையும் ஷீட்டின் இரு பக்க ஓரங்களில் வைத்து, ஸ்டேப்ளர் பின்னை உள்ளிருந்து அடியுங்கள்; மடியும் முனைகள் வெளியே இருக்கட்டும், தோலில் படாது. ஆனால் ஷீல்டைக் கழற்றுகிறவர் கைவைப்பது அந்தப் பக்கவாட்டில்தான். மூடாத பின் முனையில் மாட்டி கையுறை கிழிந்தால், கிருமி அதிகமுள்ள நேரத்தில் வெறும் விரல் வெளியே தெரியும். ஒவ்வொரு பின்னின் மேலும் டேப் ஒட்டி, விரலால் தடவிப் பாருங்கள்.

முடித்ததை யாரும் தலையில் மாட்டிச் சோதிக்க வேண்டாம். எலாஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள், வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பாருங்கள், போதும்.

பத்துப் பத்தாகச் சுத்தமான கவரில் போட்டு, மூடிய தேதியை எழுதுங்கள். பிளாஸ்டிக்கின் மேல் கொரோனா வைரஸ் 72 மணி நேரம் வரை தாக்குப்பிடிக்கக்கூடும் என்று 2020 மார்ச்சில் வெளியான ஆய்வு காட்டியது. எனவே மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்து கொடுங்கள். "மருத்துவச் சான்று பெறாதது. மாஸ்க்குடன் சேர்த்து அணியவும். ஒருமுறை மட்டும்" என்ற சீட்டு ஒவ்வொரு கவரிலும் இருக்கட்டும்.

கொடுத்த இரண்டு மூன்று நாளில் போன் செய்து கேளுங்கள். நெற்றியில் அழுத்துகிறது, மூச்சுப் பட்டு மங்குகிறது என்றால் அடுத்த தொகுதிக்கு முன் திருத்துங்கள். போதும் என்றால் அன்றே நிறுத்திவிட்டு, மீதி ஷீட்டோடு அடுத்த ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேளுங்கள்.