காலண்டர் படமும் கல் அச்சும்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு

நம் பள்ளியின் மாடிப்படி திரும்பும் இடத்தில் மாட்டியிருக்கும் மாதா படத்தை அறியாதவர் இலர். தேவ அன்னை குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி மேகத்தின்மேல் நடந்து வருவார். இருபுறமும் பச்சைத் திரை விலகி நிற்கும். கீழே இரண்டு குட்டிச் சம்மனசுகள், ஒருவர் கன்னத்தில் கை வைத்து, மற்றவர் கைகளின்மேல் மோவாயை வைத்து, மேலே பார்த்தபடி இருப்பார்கள். கணக்குப் பரீட்சைக்கு முன் அந்தச் சம்மனசுகளைத் தொட்டு வணங்கிச் சென்றவர்கள் எங்களில் பலர். (சிஸ்டர் மன்னிக்க! கண்ணாடியில் கைரேகை படிந்ததற்குக் காரணம் நாங்களே.)

பள்ளித் திருநாளுக்காகச் சுத்தம் செய்தபோது அந்தப் படத்தைக் கழற்றும் வேலை எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. கண்ணாடியை எடுத்துவிட்டு, அறிவியல் கூடத்திலிருந்து எடுத்து வந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒருத்தி விளையாட்டாக மாதாவின் முகத்தின்மேல் வைத்தாள். முகம் மறைந்து போயிற்று! நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு நிறங்களில் கடுகினும் சிறிய புள்ளிகளே தெரிந்தன. அது தூரிகையால் தீட்டிய ஓவியமன்று, அச்சடித்த படம். ஆறாம் வகுப்பிலிருந்து நாள்தோறும் அதற்குப் பூ வைத்து வந்த எங்கள் தோழி ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்படியென்றால் இது உண்மைப் படமே இல்லையா, சிஸ்டர்?" என்று கேட்டாள். எங்கள் வகுப்பு சிஸ்டர் உடனே பதில் சொல்லவில்லை. "நீங்களே தேடிக் கண்டுபிடித்து மலருக்கு எழுதுங்கள்" என்றார். அந்தத் தேடலே இக்கட்டுரை.

ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் மறுமலர்ச்சிக் காலத்தைப் படித்தோம். லியொனார்டோ டாவின்சி, மைக்கேல் ஆஞ்சலோ, இரபேல் என்று மூன்று பெயர்களை மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்தும் போனோம். மாடிப்படிப் படத்தின் மூலத்தை வரைந்தவர் அந்த இரபேல்தான் என்பதை இப்போதுதான் அறிந்தோம். 1512-ஆம் ஆண்டளவில், இத்தாலியின் பியசென்சா நகரத்துத் துறவியரின் ஆலயத்துக்காக அவர் அதைத் தீட்டினார். உயரம் இரண்டரை மீட்டருக்கும் மேல். 1754-இல் சாக்சனி ஆட்சியாளர் அதை விலைக்கு வாங்கிக் கொண்டுபோனார். இன்று அது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரக் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சோவியத் நாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1955-இல் திரும்பி வந்தது. ஒரு படம் இத்தனை பயணம் செய்திருக்கிறது. நாங்களோ போளூருக்குக் கீழே இறங்குவதற்கே காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருக்கிறது!

மூல ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்க்க முடிந்தவர் சிலரே. மற்றவர் என்ன செய்வது? இக்கேள்வி அந்தக் காலத்திலேயே எழுந்திருக்கிறது. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் மரத்திலும் செம்புத் தகட்டிலும் படங்களைச் செதுக்கித் தாளில் அச்சிட்டார். அவருடைய மனைவி ஆக்னஸ் அந்தத் தாள்களைச் சந்தைக்கு எடுத்துச் சென்று விற்றார். மறுமலர்ச்சிக் கலை அரண்மனையை விட்டு வெளியே வந்ததற்கு, கூடை சுமந்து சந்தைக்குப் போன ஒரு பெண்ணும் காரணம் என்பதை எங்கள் பாடநூல் சொல்லவில்லை. நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

அப்படி அச்சான தாள்கள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. அக்பர் பேரரசர் அழைத்தபடி 1580-இல் இயேசு சபைக் குருக்கள் அவருடைய அவைக்குச் சென்றபோது, படங்களும் கொண்ட பெரிய விவிலிய நூலொன்றைக் கொடுத்தனர். அரண்மனை ஓவியர்கள் இத்தகைய படங்களைப் பார்த்து வரைந்து பழகினார்கள். அவர்களில் அபுல் ஹசன் என்ற சிறுவன், டியூரரின் சிலுவைப்பாடு படத்திலிருந்து புனித அருளப்பரை மட்டும் தனியே வரைந்தான். அந்தத் தாள் 1600-ஆம் ஆண்டளவினது. அவனுக்கு அப்போது வயது பதின்மூன்று! எங்களைவிட இரண்டு வயது சிறியவன். பிற்காலத்தில் ஜஹாங்கீரின் தலைசிறந்த ஓவியராக விளங்கினான். அந்தத் தாள் இன்று இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இனி நம் பக்கத்து நாட்டுக்காரருக்கு வருவோம். இராஜா இரவிவர்மா 1848-இல் திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்தார். பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ஐரோப்பிய முறை எண்ணெய் வண்ணத்தைக் கற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அரண்மனை ஓவியர், மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயுடு, அதைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை யாருக்கும் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்பர். பின்பு தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்பிக்கவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். அரச குடும்பத்தோடு உறவு கொண்டிருந்தவருக்கே கலையின் கதவு இவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தது என்றால், மற்றவர் நிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் கற்றார். நிழலும் ஒளியும், தூரத்தில் உள்ளது சிறுத்துத் தோன்றும் முறை, உடலின் எலும்பும் தசையும் என மறுமலர்ச்சிக்கால ஓவியர்கள் வகுத்த அத்தனையையும் கொண்டு சகுந்தலையையும் தமயந்தியையும் சேலை கட்டிய பெண்களாக நம்முன் நிறுத்தினார். 1873-இல் சென்னைக் கண்காட்சியிலும் வியன்னா கண்காட்சியிலும் பரிசு பெற்றார். 1893-இல் சிகாகோவுக்குப் பத்து ஓவியங்கள் சென்றன. 'அதோ அப்பா வருகிறார்' என்ற அவருடைய படத்தில் தாய் குழந்தையை இடுப்பில் வைத்து நிற்கும் நிலையைக் கண்டதும் எங்களுக்கு மாடிப்படி மாதா நினைவுக்கு வந்தார். அந்தத் தாய் அவருடைய சொந்த மகள், குழந்தை பேரன்.

அவருடைய ஓவியங்களைப் பலரும் கேட்டார்கள். இரண்டு கை எத்தனைதான் வரையும்? திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த, கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ், சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ண அச்சாக எடுக்கலாமே என்று 1884-இல் அவருக்கு எழுதினார். பத்தாண்டு கழித்து, 1894-இல், இரவிவர்மா தம்பி இராஜராஜவர்மாவோடு பம்பாயில் சொந்தமாகவே அச்சகம் தொடங்கினார். இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. முதலில் அச்சான படம் 'சகுந்தலையின் பிறப்பு'.

அந்த அச்சு எப்படி நடந்தது என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்பது நம் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் அறிந்ததுதான். வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படத்தை வரைவார்கள். கல்லைத் தண்ணீரால் நனைத்து, மேலே எண்ணெய் மையை உருட்டினால், வரைந்த இடத்தில் மை பிடிக்கும், ஈரமான இடத்தில் பிடிக்காது. அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும். கல்லில் எல்லாம் இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். மேலும் ஒரு நிறத்துக்கு ஒரு கல்! சேலையின் சிவப்புக்கு ஒன்று, வானத்தின் நீலத்துக்கு ஒன்று என்று ஒரே தாள் பல கற்களில் ஏறி இறங்கும். மயிரிழை தவறினாலும் சரசுவதியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். நாங்கள் மெழுகுவர்த்தியால் தாளில் கோலம் போட்டு, மேலே நீர் வண்ணம் பூசிப் பார்த்தோம். மெழுகுபட்ட இடம் வெள்ளையாகவே நின்றது. தத்துவம் புரிந்தது. சீருடை ஐந்து பேருக்குப் பாழானது.

இலட்சுமி, சரசுவதி, முருகன் படங்கள் பெட்டிக்கடை வரைக்கும் போயின. இங்கே ஒன்றைக் கூறியாக வேண்டும். திருவிதாங்கூரில் எல்லாச் சாதியாரும் அரசுக் கோயில்களுக்குள் செல்லலாம் என்ற ஆணை 1936-இல்தான் வந்தது. இரவிவர்மா அச்சகம் தொடங்கியதோ அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஒரு குடும்பம், சில்லறைக் காசுக்குச் சாமியின் முகத்தை வாங்கித் தன் குடிசைச் சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது. அவர்களைத் தடுக்க அங்கே யாரும் இல்லை. "அச்சுப் படம்தானே" என்று நாங்கள் உதட்டைப் பிதுக்கியது இதைப் படித்தபோது எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

அச்சகத்தால் இரவிவர்மா பணம் சம்பாதித்தார் என்று எண்ணிவிடாதீர்கள். கடன்தான் ஏறிற்று. அச்சகம் லோனாவ்லா அருகில் மலவ்லிக்கு இடம் மாறியது. 1901-இல் ஜெர்மானியரான பிரிட்ஸ் ஷ்லைகரிடம் அதை விற்றுவிட்டார். 1906-இல் இரவிவர்மா மறைந்தார். 1972-இல் அச்சகக் கட்டடம் தீப்பிடித்து அழிந்தது. நம் நாட்டுத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் தாதாசாகிப் பால்கே அந்த அச்சகத்தில் பணியாற்றியவர் என்பது உபரிச் செய்தி.

அவர் படங்களை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்றும் இல்லை. கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, இவை நாடக மேடைக் காட்சிபோல் இருக்கின்றன, தெய்வத்தன்மை இல்லை என்ற முறையில் கடுமையாகக் குறை கூறினார். இதை வைத்து எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி உண்டாயிற்று. எல்லாத் தெய்வப் பெண்களும் ஒரே மாதிரி வெளுத்த நிறத்தோடு இருக்கிறார்கள், நம் மலைப் பெண்களைப்போல் ஒருத்தியும் இல்லையே என்றாள் ஒருத்தி. அதற்கு எவராலும் மறுமொழி சொல்ல முடியவில்லை. நாங்களும் அதை ஒப்புக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொடர்ந்தவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நமக்கு அருகிலுள்ள திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தில் சில காலம் இருந்தவர். நாடகக் குழுவுக்குத் திரை எழுதிக்கொண்டு போய்க் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்களைச் சிவகாசி அச்சகங்கள் காலண்டராக்கி ஊர்தோறும் அனுப்பின.

எங்கள் மலைக்கும் அவை வந்தன. தோழி ஒருத்தியின் பாட்டி வீட்டில் (நாங்கள் எல்லோரும் ஆயா என்றே அழைப்போம்) திருப்பத்தூர் மளிகைக் கடைக் காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறது. தேதித் தாள் கிழித்துத் தீர்ந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அட்டையும் இலட்சுமி படமும் மட்டும் அடுப்புப் புகையில் பழுத்து நிற்கின்றன. "ஏன் ஆயா இதை இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "பின்னே, வேற படம் ஏது?" என்றார்.

இன்று வேறு படம் உண்டு. இணையத்தில் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் இரைக்ஸ் அருங்காட்சியகம் தன் ஓவியங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளத் திறந்து வைத்திருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-இல் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பொதுவுக்கு விட்டது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தை அண்ணாந்து பார்ப்பதுபோலக் கணினித் திரையில் சுற்றிப் பார்க்கலாம். இரவிவர்மாவின் வண்ண அச்சுகளை அவர் பெயரிலுள்ள அறக்கட்டளை கூகுளோடு சேர்ந்து இணையத்தில் வைத்திருக்கிறது. அவருடைய மூல ஓவியங்கள் கோடிக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போகின்றன. திரையில் பார்க்கக் காசு இல்லை.

காசு இல்லை என்று எழுதிவிட்டோம். ஆனால் சிக்னல்? காவலூர் தொலைநோக்கியில் விண்மீன் தெரியும் எங்கள் மலையில், மழை வந்தால் பக்கத்து ஊர்க்காரர் பேச்சுக்கூடக் கைப்பேசியில் கேட்பதில்லை. அடுத்த தடை வீட்டில் இருக்கிறது. தம்பி விளையாடுவதற்குக் கிடைக்கும் கைப்பேசி, நாங்கள் கேட்டால் "பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்ற கேள்வியோடு பெட்டிக்குள் போய்விடுகிறது. மதிப்பிற்குரிய பெற்றோரே, வாரத்துக்கு அரைமணி நேரம், உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறோம். நீங்களும் பாருங்கள்.

பள்ளியின் கணினி அறையில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் தர மதர் இசைந்திருக்கிறார். முதல் சனிக்கிழமை டிரெஸ்டன் மாதாவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்னால் உள்ள மேகம் வெறும் மேகமன்று, முழுவதும் மங்கலான குழந்தை முகங்கள்! எங்கள் மாடிப்படிப் படத்தில் அவை வெள்ளைப் புகையாக மட்டுமே இருந்தன. பூ வைக்கும் தோழி எழுந்துபோய் மாடிப்படியில் மறுபடி பார்த்துவிட்டு வந்து, "இருக்கிறார்கள். இத்தனை நாள் நமக்குத் தெரியவில்லை" என்றாள்.

இரண்டாம் சனிக்கிழமை அபுல் ஹசனின் தாளைத் தேடினோம். புனித அருளப்பரின் தலையும் தோளும் வந்தன. கோத்த கைகள் வருவதற்குள் இடி இடித்து, மின்சாரம் போயிற்று. ஆனால் எங்களுள் நன்றாக வரையும் ஒருத்தி, அந்தத் தலையையும் தோளையும் கண்டபடியே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைந்துவிட்டாள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறதென்று அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் இம்முறை சிஸ்டர் சொன்னபோதுதான் தெரியும். கைகளுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள். வரும் சனிக்கிழமை மழை பெய்யாதிருக்க வேண்டும்.