புளியங்கொட்டைக் கணக்கு

கேள்வி: என் ஐந்து வயது மகள் நூறு வரை கடகடவென ஒப்பிக்கிறாள். ஏழு ஸ்பூன் எடுத்து வா என்றால் திணறுகிறாள். என்ன செய்வது?

பதில்: அவள் ஒப்பிப்பது பாட்டு, எண்ணுவது வேறு வேலை. பரணில் பல்லாங்குழி இருந்தால் இறக்குங்கள். 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகையில் வாய் சொல்லும் எண்ணும் விரல் விடும் கொட்டையும் ஒட்டிக்கொள்ளும். குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளலாமே! அந்த ஆசையில், எண்ணாமலே நான்கைக் கண்டுபிடிக்கப் பழகிவிடுவாள். பலகை இல்லையா? முட்டை அட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். யார் ஜெயித்தது என்று நீங்கள் சொல்லாதீர்கள். இருவர் கொட்டைகளையும் அவளே எதிரெதிரே ஜோடியாக அடுக்கட்டும். மிச்சம் யார் பக்கம் என்று தெரிந்துவிடும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், கொட்டை அதன் வாய்க்குப் போய்விடாதபடி, ஆட்டம் முடிந்ததும் 70-ஐயும் எண்ணி டப்பாவில் போடச் சொல்லுங்கள்.