தாங்கிக்கும் மூச்சு வேணும்: ஒரு சின்னக் குழாயின் கணக்கு



இந்த வார எபிசோட்டில் வீட்டிலேயே விமானம் கட்டுகிற ஆட்களைப் பற்றிப் பேசினோம். பெற்றோல் தாங்கியின் வென்ட் குழாயைப் பற்றிச் சொல்ல வெளிக்கிட்டு, நேரம் போதாமல் "கணக்கை நியூஸ்லெட்டரில் தாறன்" எண்டு தப்பி விட்டேன். இதோ அந்தக் கணக்கு. முதலே சொல்லி விடுகிறேன்: நான் பைலட் இல்லை, கொன்ட்ராக்டில் கோட் எழுதுகிறவன். இதில் பிழை விட்டதும் நான்தான்.

முதலில் ரின்பால்

அம்மம்மா ரின்பால் ரின்னைத் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூடியில் ஒரு ஓட்டை மட்டும் குத்தினால் பால் விக்கி விக்கி வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை குத்தினால் சீராக ஓடும். பால் வெளியே போன இடத்துக்குக் காற்று உள்ளே வரவேணும், அவ்வளவுதான் விஷயம். விமானத் தாங்கியில் அந்த இரண்டாவது ஓட்டைதான் வென்ட். பெரும்பாலும் விரல் மொத்தம்கூட இல்லாத ஒரு குழாய்.

என்ன நடந்தது

எனக்குத் தெரிந்த அண்ணா ஒருவர் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு ஹாங்கரில் இரண்டு பேர் போகும் சின்ன விமானம் ஒன்று கட்டுகிறார். இறக்கை மேலே, தாங்கிகள் இறக்கைக்குள்ளே. பம்ப் இல்லை, பெற்றோல் தன் பாரத்தாலேயே எஞ்சினுக்கு இறங்கும். கனடாவில் இப்படிக் கட்டுவது சட்டப்படி சரி. வேலையின் பெரும்பகுதியைக் கட்டுகிறவரே செய்திருக்க வேணும், பரிசோதகர் வந்து பார்ப்பார். பிறகு வரும் பராமரிப்பையும் சொந்தக்காரரே செய்து கையெழுத்து வைக்கலாம். அந்தச் சுதந்திரம்தான் இந்தக் கதையின் சிக்கலும்.

வெயில் நாளில் வென்ட் குழாயால் பெற்றோல் சொட்டி ஹாங்கர் தரை நாறியது. குழாயின் வாய் முன்பக்கம் பார்த்திருந்தது. "இதைப் பின்பக்கம் திருப்பி, நிறுத்தி வைக்கிற நேரம் ஒரு மூடியும் போட்டால் என்ன?" எண்டு கேட்டார். நான் யோசிக்காமல் "சின்ன ஃபிக்ஸ்தானே அண்ணா, செய்யுங்கோ" என்றேன். செய்தார். வாளியில் பெற்றோலை ஓட விட்டு அளந்தோம். முன்பு வந்த அதே அளவு. ரெஸ்ற் பாஸ்.

பக்கத்து ஹாங்கரில் இருந்த வயசான ஒருவர் வந்து பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எந்தக் காற்றில் ரெஸ்ற் பண்ணினீர்கள்?" எங்களிடம் பதில் இல்லை. அன்று இரவு இருந்து கணக்குப் போட்டேன்.

கணக்கு 1: எவ்வளவு உறிஞ்சல் போதும்?

தாங்கி எஞ்சினுக்கு 1 மீற்றர் மேலே எண்டு வைப்போம். பெற்றோலின் அடர்த்தி லீற்றருக்கு ஏறக்குறைய 0.72 கிலோ. 1 மீற்றர் உயரப் பெற்றோல் தருகிற அழுத்தம் சுமார் 7 கிலோபாஸ்கல். வெளிக்காற்றின் அழுத்தம் 101. அதாவது, தாங்கிக்குள் காற்றழுத்தம் 7 சதவீதம் குறைந்தால் போதும், ஓட்டம் நின்றுவிடும்.

வென்ட் முழுதாக அடைபட்டிருக்கு, தாங்கியில் 10 லீற்றர் காற்று இருக்கு எண்டு எடுங்கோ. முக்கால் லீற்றர் பெற்றோல் வெளியே போனாலே அந்த 7 சதவீதம் வந்துவிடும். மணிக்கு 18 லீற்றர் எரிக்கும் எஞ்சினுக்கு அது இரண்டரை நிமிடம். பெற்றோல் ஆவியும், தகரம் உள்ளே வளைவதும் இதைக் கொஞ்சம் நீட்டும். அது உதவி இல்லை. ஓடுபாதையில் எஞ்சின் நல்லா ஓடும், மரங்களுக்கு மேலே போன பிறகு நிற்கும்.

கணக்கு 2: இறங்கும்போது

3000 அடியில் வெளியழுத்தம் தரையை விட ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் குறைவு. அங்கே பனிக்கட்டி வென்டை அடைத்தால் தாங்கிக்குள் அந்தக் குறைந்த அழுத்தமே தங்கிவிடும். கீழே இறங்க இறங்க வெளியழுத்தம் கூடும். வித்தியாசம் 7-ஐத் தாண்டினால் பெற்றோல் வராது. தாங்கி பாதி நிறைந்திருக்கும், எஞ்சின் பட்டினி. அதுவும் தரை கிட்ட வரும் நேரத்தில்.

கணக்கு 3: வாய் எந்தப் பக்கம்?

100 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீற்றரில், முன்னே பார்க்கும் குழாய்க்குள் காற்று 1.6 கிலோபாஸ்கல் அழுத்தத்தோடு தள்ளும். 23 சென்ரிமீற்றர் உயரப் பெற்றோலுக்குச் சமம். வாயைப் பின்னே திருப்பினால் அது போய்விடும். போதாதற்குக் கொஞ்சம் உறிஞ்சலும் வரும். மூக்கைத் தூக்கி ஏறும்போது எஞ்சின் உயர்ந்து, தாங்கிக்கும் அதற்கும் உள்ள உயர இடைவெளி குறையும். அப்போது ஒவ்வொரு சென்ரிமீற்றரும் முக்கியம்.

இரண்டு தாங்கிகளின் வென்ட்கள் ஒரே மாதிரி இல்லாவிட்டால் இன்னொரு தொல்லை. 0.36 கிலோபாஸ்கல் வித்தியாசம் 5 சென்ரிமீற்றர் பெற்றோல் மட்டத்துக்குச் சமம். ஒரு பக்கம் வேகமாகக் காலியாகும்.

எங்கட வாளி ரெஸ்றில் காற்றின் வேகம் பூச்சியம். முன்னே பார்த்தாலும் பின்னே பார்த்தாலும் ஒரே விடைதான் வரும். மாற்றிய விஷயத்தைத் தொடாத ரெஸ்ற் அது. அது பாஸ் ஆனதில் ஒரு அர்த்தமும் இல்லை.

அப்ப சொட்டுவது ஏன்?

பெற்றோல் சூட்டில் விரியும்: 1 பாகைக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில். காலையில் 10 பாகையில் விளிம்பு வரை நிரப்பிய 50 லீற்றர், பின்னேரம் 30 பாகையில் ஏறக்குறைய 1 லீற்றர் கூடும். அது எங்கே போகும்? வென்டால்தான். சொட்டுவது பழுது இல்லை. குழாய் தன் வேலையைச் செய்கிறது. மூடி போட்டிருந்தால் அந்த அழுத்தம் தாங்கியின் பொருத்துகளைத்தான் தள்ளும். ஒரு நாள் அந்த மூடியைக் கழற்ற மறந்தால், கணக்கு 1.

வேறொருவர் செய்த மாற்றம்

1997 ஒக்ரோபர் 12-இல் பாடகர் ஜோன் டென்வர் கலிஃபோர்னியாவில் மொன்ரரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். அவர் அண்மையில் வாங்கியிருந்தது வேறொருவர் கட்டிய லோங்-ஈசி விமானம். எந்தத் தாங்கியிலிருந்து பெற்றோல் எடுப்பது எண்டு மாற்றும் பிடி, வரைபடத்தில் பைலட்டின் கால்களுக்கு நடுவே இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். பெற்றோல் குழாய் பைலட் இருக்கும் இடத்துக்குள் வராமல் இருக்கத்தான், நல்ல காரணம். ஆனால் பறக்கும்போது அதைத் திருப்ப உடம்பையே திருப்ப வேணும். அப்படித் திருப்ப முயன்றபோது தெரியாமல் வலது ரடரை மிதித்துக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பதே அமெரிக்க விசாரணையின் முடிவு. ஒரு தொல்லையைத் தீர்த்த மாற்றம், கட்டியவருக்குத் தெரியாத இன்னொரு ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

நாங்கள் செய்தது

குழாயை வரைபடத்தில் இருந்தபடி முன்னே திருப்பினோம். மூடியைக் குப்பையில் போட்டோம். நிரப்பும்போது இரண்டு விரல் இடம் விடுகிறார், சொட்டு நின்றது. குளவி மண்கூடு கட்டி வென்டை அடைப்பது உண்டு, அதனால் ஒவ்வொரு முறையும் பறக்க முன் குழாயைப் பார்க்கிறார். வாளி ரெஸ்றையும் திரும்பச் செய்தோம், இந்த முறை மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, தாங்கியில் கொஞ்சம் மட்டும் விட்டு. தன் பாரத்தால் இறங்கும் பெற்றோல், எழும்பும்போது எஞ்சின் எரிப்பதைப் போல ஒன்றரை மடங்கு வரவேணும் என்பது அமெரிக்காவில் சான்றிதழ் பெறும் சிறு விமானங்களுக்கு இருந்த அளவு. மணிக்கு 27 லீற்றர் எரிக்கும் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 675 மில்லிலீற்றர். அது வந்தது. பழைய பதிவை வெட்டாமல், "திருப்பினது, திரும்ப மாத்தினது, ஏன்" எண்டு மூன்று வரி விமானத்தின் பதிவேட்டில் எழுதினார்.

"சின்ன ஃபிக்ஸ்தானே" எண்டு நான் சொன்ன விமானத்தில் அவரின் மகள்தான் முதல் பயணியாக ஏற இருக்கிறாள். அதை நினைத்தால் இப்பவும் வயிறு கலங்குது.

வீட்டு வேலை: ஒரு தண்ணிப் போத்தல் மூடியில் ஸ்ட்ரோ அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, தண்ணி நிரப்பிக் கவிழ்த்துப் பாருங்கோ. பிறகு போத்தலின் அடியில் ஊசியால் ஒரு ஓட்டை குத்தி, விரலால் மூடி மூடித் திறவுங்கோ. தம்பி தங்கச்சிமாரையும் கூப்பிடுங்கோ. அடுத்த கிழமை சந்திப்போம்.